பின்பக்கத் தளம்: கையெழுத்துப் போடுவதற்கு முன்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம். படிப்பவர்களுக்காகக் கணக்குகளை மட்டும் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். ஏழு மணிக்குச் சுண்டல் வருகிறது என்பதும் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருள், கட்டடத்துக்குப் பின்னால் மதில் வரை இருக்கும் இடத்துக்குத் தளம் போடுவது. நீளம் 60 அடி, அகலம் 24 அடி, மொத்தம் 1,440 சதுர அடி. நம் எல்லோருடைய பத்திரத்திலும் யுடிஎஸ் என்று ஒரு பங்கு எழுதியிருக்கிறதே, அதில் இந்த இடமும் அடக்கம். மூன்றாவது மாடிக்காரருக்கும் சொந்தம், பின்பக்கமே எட்டிப் பார்க்காதவருக்கும் சொந்தம். இன்று அதன் நிலைமை என்ன? பாதி உடைந்த சிமென்ட், பாதி மண், நான்கு சேம்பர் மூடி, ஒரு வேப்ப மரம், துணிக்கொடி. போன கார்த்திகை மழையில் பாசி வழுக்கி இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருவருக்கு மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. தரைத்தளத்தில் இரண்டு வீடுகளில் பின்சுவர் மூன்றடி உயரம் வரை ஓதம் ஏறிப் பெயிண்ட் உரிந்து நிற்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் நம் உறுப்பினரின் தாயார் லிஃப்டில் இறங்கி முன்வாசல் வரை வருகிறார். பின்னால் வேப்ப மரத்தடிக்கு வர அவருக்கு வழி இல்லை.

மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. முதலாவது சதுர அடிக்கு 72 ரூபாய். இரண்டாவது 95. மூன்றாவது 118. வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன், "72 இருக்கும்போது 118 எதற்கு?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் நிற்கிறேன்.

நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 36 வருடம் வங்கியில் கவுண்டரிலும் லெட்ஜரிலும் உட்கார்ந்தவன். ஆனால் கடந்த மூன்று மாதத்தில், நம் பகுதியில் இதே மாதிரி தளம் போட்ட ஐந்து குடியிருப்புகளுக்கு நடந்து போய்ப் பார்த்தேன். இரண்டு மேஸ்திரிகளோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசினேன். நம் வீட்டிலேயே ஒரு சிவில் இன்ஜினியர் மருமகன் இருக்கிறார், அவரையும் விடவில்லை. வங்கியில் வீட்டுக்கடன் மனு வந்தால் வீட்டின் பெயிண்டைப் பார்த்து யாரும் கடன் கொடுப்பதில்லை, மூலப் பத்திரத்தைத்தான் கேட்போம். தளத்துக்கு மூலப் பத்திரம் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே பதிக்கும் கல் சிவப்பா சாம்பலா என்று நாம் இரண்டு கூட்டம் பேசிவிட்டோம். அடியில் என்ன போடுகிறார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் தண்ணீர். பழைய கிராமத்து வீட்டு முற்றத்தைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எவ்வளவு மழை கொட்டினாலும் முற்றத்தில் தண்ணீர் நிற்காது. கல் மூலைச் சலதாரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். கொத்தனார்கள் அதை வாட்டம் என்பார்கள். வாட்டம் தப்பினால் எந்தக் கல்லைப் போட்டும் பயன் இல்லை.

நம் இடத்தில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் விழும் தெரியுமா? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 1,440 சதுர அடி ஏறக்குறைய 134 சதுர மீட்டர். ஆகவே 13,000 லிட்டருக்கு மேல். கோடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் லாரித் தண்ணீரைவிட அதிகம். இது பின்பக்கத் தரையில் விழுவது மட்டும். மொட்டை மாடித் தண்ணீர் தனிக்கணக்கு. இத்தனையும் சுவர்ப்பக்கம் போவதா, மதில்பக்கம் போவதா என்பதை ஒரு மூன்றரை அங்குலம் தீர்மானிக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் இருந்தால் போதும். நடப்பவருக்குச் சரிவு தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். 24 அடிக்கு அது மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். சுவரோரத்தில் மேடு, மதிலோரத்தில் பள்ளம், அங்கே ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு வாய்க்கால், மேலே ஜாலி மூடி. வாய்க்காலுக்குள்ளும் வாட்டம் வேண்டும். 60 அடி நீளத்துக்கு ஏழு அங்குலம் இறங்கினால் தண்ணீர் தானே ஓடி வடக்கு மூலைக்கு வந்துவிடும்.

வடக்கு மூலையில் என்ன இருக்கிறது? மழைநீர் சேகரிப்புக் குழி. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியபோது வெட்டியது. இன்று அதன் மூடி எங்கே என்று வாட்ச்மேனுக்கே தெரியவில்லை. கடப்பாரையால் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். உள்ளே முக்கால்வாசி சேறு. தளம் போடுவதற்கு முன்னால் அதைத் தூர்வாரி, கூழாங்கல்லையும் மணலையும் மாற்றி, தண்ணீர் உள்ளே விழும் முன் சேறு தங்க ஒரு சிறு தொட்டி கட்ட வேண்டும். மூடி தளத்தோடு மட்டமாக, திறக்கிற மாதிரி வர வேண்டும். மேலே கல்லைப் பதித்து மூடிவிட்டால் அடுத்த தலைமுறை திரும்பக் கடப்பாரையோடு தேட வேண்டியதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டாவது கொட்டேஷன்காரர், "மழைத் தண்ணியைப் பக்கத்துல இருக்கிற சேம்பர்ல விட்டுடலாம் சார், செலவு மிச்சம்" என்றார். தயவுசெய்து யாரும் இதற்குத் தலையாட்டாதீர்கள். அது கழிவுநீர் சேம்பர். பெருமழையில் மழைநீரும் அதில் சேர்ந்தால் குழாய் நிரம்பி எதிர்த்து வரும். எங்கே வரும்? தரைத்தள வீட்டு டாய்லெட்டில் வரும். மேல்மாடிக்காரர்களுக்கு அந்த அனுபவம் கிடைக்காது என்பதால் சொல்கிறேன்.

இரண்டாவது, மட்டம். இதில்தான் 72 ரூபாயின் ரகசியம் இருக்கிறது.

அந்தக் கொட்டேஷனை நிதானமாகப் படித்தேன். "இருக்கும் தரையின் மேல் மூன்று அங்குலம் கிராவல், இரண்டு அங்குலம் மணல், பேவர் பிளாக்" என்று இருக்கிறது. தோண்டுதல் என்ற சொல்லே இல்லை. கல்லின் கனம் 60 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்றையும் கூட்டினால் தரை ஏழரை அங்குலம் உயர்கிறது. இப்போது பின்வாசல் நிலைக்கும் வெளித்தரைக்கும் 13 அங்குல வித்தியாசம். அதில் ஏழரை போனால் மிச்சம் ஐந்தரை. வெளித்தரைக்கும் கட்டடத்தின் ஈரத்தடுப்பு மட்டத்துக்கும் நடுவே குறைந்தது ஆறு அங்குலமாவது விட வேண்டும் என்பது பொதுவான கட்டுமான விதி. மழைத்துளி தரையில் விழுந்து சுவரில் தெறிக்கிற உயரத்துக்காகத்தான் அந்த இடைவெளி. ஏற்கெனவே ஓதம் ஏறிய சுவருக்குப் பக்கத்தில் தரையை உயர்த்துவது, சளி பிடித்தவரை ஈரத் துணியில் போர்த்துவது மாதிரி. 2015 டிசம்பரில் எத்தனை படி தண்ணீர் ஏறியது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அன்று இருந்த படிகளில் ஒன்றை நாமே காசு கொடுத்து மூடப் போகிறோமா?

மூன்றாவது கொட்டேஷனில் தோண்டுதல் இருக்கிறது. கல் 60 மி.மீ., அதன் கீழ் மணல் 30 மி.மீ., அதன் கீழ் ஜல்லிக் கலவை 150 மி.மீ. மொத்தம் 240 மி.மீ., ஒன்பதரை அங்குலம். அவ்வளவும் கீழே தோண்டித்தான் போடுகிறார். சுவரோரத்தில் இன்றைய மட்டமே நிற்கும், மதிலோரம் வாட்டத்துக்காக இன்னும் மூன்றரை அங்குலம் ஆழம் போகும். சராசரி ஒன்பதரை அங்குலம் என்று வைத்தாலே 1,140 கன அடி மண், அதாவது 11 யூனிட்டுக்கு மேல். வெட்டிய மண் உதிர்ந்து பருத்து இன்னும் கூடும். அதை அள்ளி லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோகக் கூலி, வண்டி வாடகை எல்லாம் 118க்குள் அடக்கம். 72காரரிடம் கேட்டேன். "அது எக்ஸ்ட்ரா சார்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், நல்ல மனிதர்தான்.

இன்னொரு வேறுபாடு, ஜிஎஸ்டி. முதலாவது ரூ. 1,03,680. அடியில் சின்ன எழுத்தில் "வரி தனி" என்றிருக்கிறது. 18 சதவீதம் சேர்த்தால் ரூ. 1,22,342. மூன்றாவது ரூ. 1,69,920, வரி உட்பட. வித்தியாசம் 66,000 என்று நினைத்தது 47,578ஆகக் குறைந்துவிட்டது. இதில் தோண்டுதல், மண் அகற்றல், ஓரக்கல், சேம்பர் கழுத்தை மட்டத்துக்குக் கொண்டுவருதல், வாய்க்கால் ஆகிய ஐந்தையும் முதலாமவர் தனியாகக் கேட்பார். அவை 47,000க்குள் முடியாது என்பது என் கணிப்பு. ஒரே அளவு, ஒரே வேலைப்பட்டியல் கொடுத்து மூவரிடமும் திரும்ப விலை கேட்போம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரே படிவத்தில் எழுதாத மூன்று விலையை ஒப்பிட்டு என்ன பயன்?

இப்போது அடித்தளம். என்னை ஒரு குடியிருப்புக்கு அழைத்துப் போனார்கள், பெயர் வேண்டாம். தளம் போட்டு இரண்டு வருடம்தான். நடுவில் அழகாக இருக்கிறது. சுவரை ஒட்டி மூன்று நான்கு அடிக்குத் தரை தாழ்ந்து, வாட்டம் தலைகீழாகி, தண்ணீர் சுவரைப் பார்த்து ஓடுகிறது. காரணம் கேட்டேன். கட்டடம் கட்டும்போது அஸ்திவாரத்துக்காகச் சுவர் ஓரம் வெட்டுவார்கள் அல்லவா, பிறகு அதில் கிடைத்த மண்ணையும் ரப்பிஷையும் தள்ளி மூடிவிடுவார்கள். அது இறுகியிருக்காது. குழாய் போன பள்ளங்களும் அப்படியே. மேலே கல்லைப் போட்டபின் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். நம் கட்டடத்திலும் சுவரோரம் அதே கதையாகத்தான் இருக்கும். அந்த நான்கடிப் பட்டையை மட்டும் கூடுதல் ஆழம் கிளறி, செங்கல் துண்டு, சிமென்ட் மூட்டைக் காகிதம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, தண்ணீர் தெளித்து இயந்திரத்தால் இடித்து இறுக்கிய பிறகே ஜல்லி போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். நம் அடிமண் களிமண் வேறு. மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும்.

ஜல்லிக் கலவை ஆறு அங்குலத்தையும் ஒரே தடவையில் கொட்டி மேலே இடித்தால் மேல்பாதி மட்டும் இறுகும். மூன்று மூன்று அங்குலமாக இரண்டு தடவை போட்டு, ஒவ்வொன்றையும் ஈரத்தோடு பிளேட் காம்பாக்டர் ஓட்டி இறுக்க வேண்டும். ஆட்கள் தடி வைத்துத் தட்டுவது போதாது. இறுகிய நிலையில் 720 கன அடி வேண்டும். அமுங்கும் கணக்கையும் சேர்த்து ஒன்பது யூனிட் இறங்க வேண்டும். லாரி வரும்போது பெட்டியின் நீள அகல உயரத்தை டேப்பால் அளந்து நோட்டில் எழுதுங்கள். கேஷ் கவுண்டரில் நோட்டை எண்ணாமல் வாங்கி டிராயரில் போட்டவர் உண்டா?

வாட்டத்தை ஜல்லி மட்டத்திலேயே கொண்டுவந்துவிட வேண்டும். பள்ளமாக இருக்கும் இடத்தில் மணலைக் கூட்டிப் போட்டு மேலே மட்டம் காட்டுவது மேஸ்திரிகளின் வழக்கமான கைவேலை. அன்றைக்கு ரசமட்டம் வைத்தால் சரியாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் மணல் அமுங்கி அந்த இடம் குழியாகும். மணல் எங்கும் ஒரே கனம், 30 மி.மீ. அதுவும் கரடான எம்-சாண்ட். பூச்சு வேலைக்கான நைசான பி-சாண்டோ, குவாரித் தூளோ வேண்டாம், அவை தண்ணீரை இறக்காமல் சேறாகப் பிடித்துக்கொள்ளும்.

ஓரக்கல் இல்லாத தளத்துக்கு ஆயுள் இல்லை. கல் பதித்த பரப்பின் நான்கு ஓரத்திலும் கான்கிரீட்டில் ஊன்றிய கெர்ப் கல் வேண்டும். இல்லாவிட்டால் ஓரக் கல் நகர, அதன் பக்கத்துக் கல் நகர, வரிசை முழுவதும் பல் ஆடுவது போல ஆடும். கல்லிடுக்குகளில் சிமென்ட் பாலை ஊற்றி அடைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். இடுக்கில் உலர்ந்த நைஸ் மணலைப் பெருக்கி இறக்கி, இயந்திரம் ஓட்டி, மறுபடி பெருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. அப்போதுதான் கற்கள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும், சிறு மழை இடுக்கு வழியே மண்ணுக்கும் போகும்.

பேவர் பிளாக்தான் வேண்டுமா, டைல்ஸ் போடலாமே என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பார்க்கிங் டைல்ஸ் வெயிலில் நன்றாகத்தான் இருக்கும். வேப்ப மரத்தடியில் இலையும் பூவும் பழமும் விழுந்து ஊறும் இடத்தில் பாசி பிடித்தால் வழுக்கும், நாம் எதற்காகத் தளம் போடுகிறோமோ அதற்கே விரோதம். கடப்பா கல் கறுப்பு, சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாது. நெருப்பால் சொரசொரப்பாக்கிய கிரானைட் எல்லாவற்றிலும் உயர்ந்தது, விலையும் அப்படியே. முழுக்கக் கான்கிரீட் போட்டால் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு வெட்டு விட வேண்டும், இல்லாவிட்டால் தானே வெடித்துக்கொள்ளும். ஆனால் எனக்குப் பெரிய காரணம் வேறு. நம் கழிவுநீர்க் குழாய் முழுவதும் அந்தத் தரைக்குக் கீழேதான் ஓடுகிறது. நாளை ஒரு அடைப்பு என்றால் கான்கிரீட்டை உடைக்க வேண்டும், ஒட்டுப்போட்ட இடம் ஒட்டாகவே தெரியும். பேவர் கல்லை எடுத்து அடுக்கி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். ஐம்பது அறுபது கல் கூடுதலாக வாங்கி மோட்டார் அறைக்குப் பின்னால் அடுக்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து அதே அச்சில் கல் கிடைக்காது.

அதற்காகப் பழைய ஸ்டோன்வேர் குழாயை அப்படியே விட்டு மேலே தளம் போடச் சொல்லவில்லை. தோண்டும்போதே ஒவ்வொரு சேம்பரையும் திறந்து பாருங்கள். வேர் புகுந்த இடம், இணைப்பு விட்ட இடம் இருந்தால் அப்போதே பி.வி.சி.க்கு மாற்றிவிடுங்கள். இ.பி. கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று எலக்ட்ரீஷியனை வைத்துக் குறித்த பிறகே கடப்பாரை இறங்க வேண்டும். கூடவே மூன்று இடத்தில் குறுக்கே காலிக் குழாய் புதைத்து வைத்தால், நாளை விளக்கோ கேமராவோ போட கல்லைத் தொட வேண்டியதில்லை.

கல்லின் தரம் பற்றி ஒரு வார்த்தை. பேவர் பிளாக்குக்கு ஐஎஸ் 15658 என்று 2006இல் ஒரு இந்தியத் தர நிர்ணயம் வந்தது. அதன்படி வண்டி ஏறாத இடத்துக்கு எம் 30 தரத்தில் 50 மி.மீ. கனம், கார் நிற்கும் இடம் போன்றவற்றுக்கு எம் 35 தரத்தில் 60 மி.மீ. நமக்கு 50 போதும் என்று வாதாடலாம். என்றைக்காவது கழிவுநீர் லாரி உள்ளே வர வேண்டியிருக்கும் என்பதால் 60ஐயே நான் ஆதரிக்கிறேன். வார்த்து 28 நாள் ஆன கல்லா என்று கேளுங்கள். பச்சைக் கல்லை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதே நிர்ணயத்தில், கல் தன் எடையில் சராசரி ஆறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றிருக்கிறது. பரிசோதனைக்கூட அறிக்கை கேட்பது முறை. அதற்கு முன்னால் நாமே தோராயமாகப் பார்க்கலாம். நன்றாக வெயிலில் காய்ந்த மூன்று கல்லை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். நான்கு கிலோ கல் 240 கிராமுக்கு மேல் கூடினால் அந்த லோடைச் சந்தேகப்படுங்கள்.

வேப்ப மரத்துக்கு வருகிறேன். அதை வெட்டிவிட்டால் மூன்று கார் நிறுத்தலாம் என்று ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. கார் வைத்திருப்பவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது எல்லோருக்கும் பங்குள்ள இடம். மூன்று பேரின் காருக்காக முப்பது குடும்பத்தின் நிழலை எடுப்பதற்கு நான் கை தூக்க மாட்டேன். எடுக்கவும் வேண்டாம், நெருக்கவும் வேண்டாம். அடிமரத்தைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் குறைந்தது நான்கு அடி வெறும் மண்ணாகவே விடுங்கள். சுற்றி மேடை கட்டி அடிமரத்தை மண்ணால் மூடுவதும் வேண்டாம், மரம் அதில் நைந்துபோகும். பருத்த வேர் குறுக்கே வந்தால் அதை வெட்டாமல் கல் வரிசையை அங்கே ஒதுக்கிக்கொள்ளலாம். சதுரமாக வராவிட்டால் போகிறது.

சரிவுப் பாதை. பின்வாசலில் 13 அங்குல உயரம் இருக்கிறது. சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு என்பது கணக்கு, ஆக 13 அடி நீளம், நான்கடி அகலம். சுவரை ஒட்டியே போகலாம், இடம் இருக்கிறது. சொரசொரப்பான கான்கிரீட், ஒரு பக்கம் கைப்பிடி. இது மூன்று கொட்டேஷனிலும் இல்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். சிக்கனம் பண்ண வேண்டுமானால் கலர் கல்லில் பண்ணுங்கள், சாம்பல் கல்லே போதும். இதில் பண்ணாதீர்கள். நாம் எல்லோரும் ஒரு வயதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

கடைசியாகப் பணம். லிஃப்டுக்கு எடுத்தது போக கார்பஸ் நிதியில் ஆறு லட்சத்துச் சொச்சம் இருக்கிறது. அதைத் தொடாமல் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாமா என்று பொருளாளர் அம்மா கேட்டார். என் அபிப்பிராயம், பாதி கார்பஸ், பாதி வசூல். வைப்பு நிதியை முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டி குறையும், ஆகவே மார்ச்சில் முதிர்வதை மட்டும் எடுப்போம். ஒப்பந்தக்காரருக்குப் பாதிப் பணம் முன்பணமாகக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். தோண்டி முடித்ததும் ஒரு பங்கு, இரண்டாம் ஜல்லி இறுகியதும் ஒரு பங்கு, கல் பதித்து மணல் பெருக்கியதும் ஒரு பங்கு. ஒவ்வொரு கட்டத்திலும் நம்மில் இருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் காசோலை. மண்ணுக்குள் போகிற வேலைக்கெல்லாம் டேப்பை வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மூடிய பிறகு யாரும் அளக்க முடியாது.

பத்து சதவீதம், அதாவது சுமார் 17,000 ரூபாய், ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நம்மிடமே இருக்க வேண்டும். வேலையைப் பங்குனியில் தொடங்கி சித்திரைக்குள் முடித்தால், ஐப்பசி மழைக்கு முன் தளம் உட்கார ஆறு மாதம் கிடைக்கும். மூன்றாமவர் தை வரை காத்திருக்க ஒப்புக்கொண்டார். முதலாமவர், "மழைக்கெல்லாம் நாங்க எப்படி சார் பொறுப்பு?" என்றார்.

கணக்கு முடிப்பதற்கு முன் ஒரு சோதனை. மோட்டார் போட்டு ஹோஸ் பைப்பால் தளம் முழுக்கத் தண்ணீர் அடியுங்கள். அரை மணி நேரம் கழித்து, தண்ணீர் எங்கெல்லாம் தேங்கி நிற்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் இருக்கும் கல்லை எடுத்துவிட்டு, அடியில் சரிசெய்து, திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் செய்வார்கள்.

மூன்று கொட்டேஷனும், நான் எழுதிய வேலைப்பட்டியலும் அலுவலக அறையில் பச்சை ஃபைலில் இருக்கின்றன. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேஸ்திரி டியூப் லெவல் கொண்டுவந்து மட்டம் குறிக்கிறார். தரைத்தளக்காரர்கள் கட்டாயம் வாருங்கள், உங்கள் வீட்டு நிலைவாசலிலிருந்துதான் முதல் கோடு போடப் போகிறோம்.